வியாழன் வரை

இந்தக் கரையோரத்துக்கு வாராவாரம் வானம் என்ன செய்யப் போகிறது என்று எழுதிச் சொல்கிறவன் நான். சொல்வது நான், செய்வது வானம், திட்டு மட்டும் எனக்கு. மழை என்று சொல்லி வெயில் அடித்தால் ஒரு திட்டு, மழை என்று சொல்லி மழையே பெய்துவிட்டால் அதற்கும் ஒரு திட்டு, ஏதோ என் வாயிலிருந்துதான் கொட்டியது மாதிரி. துறைமுகத்தில் எனக்கு 'மழைவாயன்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பதினேழு வருஷமாக அந்தப் பேர்தான். சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. திங்கட்கிழமை காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து எண்களும் கோடுகளுமாக ஒரு கட்டு வரும். அதைத் தமிழாக்கி, தொண்ணூறு வினாடிக்குள் அடக்கி, முன்பு துடைப்பம் வைத்திருந்த அறையில் உட்கார்ந்து நானே படித்துப் பதிவு செய்வேன். வாரம் பூராவும் தினம் மத்தியானம் ஒரு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் துறைமுக ஒலிபெருக்கியில் அது தானாகவே ஓடும். அச்சடித்த தாள் ஒன்றை மீன் கூடத்துச் சுவரில் ஒட்டுவார்கள். அன்றாட அறிக்கை என்று தனியாக ஒன்று உண்டு, ஆனால் அது வருவது காலை எட்டு மணிக்கு. நண்டு பிடிக்கிறவர்கள் விடிவதற்கு முன்பே நாலரைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு வார அறிக்கைதான் வேதம்.

கோடை முடிகிற நேரத்தில் எங்களுக்குப் புது அதிகாரி வந்தார். வாயைத் திறந்து பேசமாட்டார், எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றறிக்கை. கொதிகெண்டியில் யார் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதற்குக்கூட ஒரு சுற்றறிக்கை வந்தது. அதனால் அவருக்குச் 'சுற்றறிக்கை' என்றே பேராகிவிட்டது. அவர் போட்ட மூன்றாவதோ நாலாவதோ சுற்றறிக்கை, அறிக்கைகளின் மொழி எளிமையாக, மக்கள் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும் என்றது. நான் எந்தச் சுற்றறிக்கைக்கும் சந்தோஷப்பட்டதில்லை, இதற்குப் பட்டேன்.

ஏனென்றால் 'முடிய' என்ற சொல்லின் மேல் எனக்குப் பதினேழு வருஷத்துக் கடுப்பு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்டு வைத்த சட்டம் அது. 'திங்கள் முதல் வியாழன் முடிய' என்றுதான் எழுத வேண்டும். பத்திரம் எழுதுகிறவர் நடையில் காற்றைப் பற்றிச் சொன்னால் எப்படி இருக்கும்? துறைமுகத்தில் ஒருத்தன் தினமும் என்னைப் பார்த்து, வியாழனுக்கு முடி எப்ப சார் வெட்டுவீங்க என்று கேட்பான். அந்தச் சுற்றறிக்கை வந்த அன்றே சிவப்புப் பேனாவை எடுத்து 'முடிய' இருந்த இடமெல்லாம் அடித்துவிட்டு 'வரை' என்று போட்டேன். அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்கிப் போட்ட நிம்மதி எனக்கு. சுற்றறிக்கை பார்த்துவிட்டு 'நன்று' என்று ஓரத்தில் எழுதினார்.

இதை அக்கா வீட்டில் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன் வேறு. அக்கா மீன் கூடத்தில் பெட்டி கட்டுகிற வேலையில் இருக்கிறாள். அத்தான் நண்டுக்காரர், சின்னப் படகு, பெரும்பாலும் தனியாளாகத்தான் போவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அத்தான், "பழசு பழகிப்போச்சுப்பா" என்று மட்டும் சொன்னார். பழகிப்போனதெல்லாம் நல்லதாகிவிடுமா என்று நான் ஆரம்பித்து, சாப்பிட்டு முடிக்கிறவரை இலக்கணம் பேசினேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள் நான் என்பது அவருக்குத் தெரியும். தலையை ஆட்டிக்கொண்டே தட்டைக் கழுவப் போனார்.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் ஊர் வேறு மாதிரிச் சொல்லிவிட்டது. அவரைப் போல ஒரு ஜாக்கிரதைக்காரரை நான் பார்த்ததில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தாயா என்று ஒரே பயணத்தில் மூன்று தடவை கேட்பார். உங்களுக்கு என்னைக் கட்டிவைத்ததற்கு அந்தப் பூட்டையே கட்டிவைத்திருக்கலாம் என்று அக்கா கேலி செய்வாள். வார அறிக்கைத் தாளில் ஒரு பிரதி வாங்கிவந்து அத்தான் சமையலறைச் சுவரில் ஆணியில் குத்தி வைத்திருப்பார். போக வேண்டாம் என்று அதில் இருந்தால் போகமாட்டார். முப்பது வருஷத்தில் ஒரு தடவை மீறினார் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

இலையுதிர்காலத்தின் கடைசி மாதம், முதல் வாரம். அலுவலக வாசலில் இருக்கிற மரம் பாதி மொட்டையாகிவிட்டது. அந்த மாதத்தில் எங்கள் கடலுக்கு ஒரு குணம் உண்டு. மூன்று நாள் முறைக்கும், ஒரு ராத்திரி அடங்கிப்போகும், அடங்கிவிட்டது என்று நம்பினால் மறுநாள் மத்தியானத்துக்குள் மொத்தமாக வாங்கிக்கொள்ளும். அந்த வாரத்து எண்கள் அப்படியே அதைச் சொல்லின. நான் எழுதினேன்: 'திங்கள் முதல் வியாழன் வரை காற்று படிப்படியாக வலுக்கும். வியாழன் வரை சிறு படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.' இரண்டு வாக்கியம், ஆறு வினாடி. படித்துப் பதிவு செய்துவிட்டு ரொட்டி சாப்பிடப் போனேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அத்தான் கரையிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை போட்ட கூடுகள் கடலுக்குள் கிடந்தன. நண்டுகளைக் கூட்டுக்குள் ரொம்ப நாள் விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். மூன்று நாள் தாண்டினால் மிச்சம் ஓடுதான். அந்தக் கவலையோடு அவர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார் என்று அக்கா பிறகு சொன்னாள். புதன்கிழமை பொழுது சாயும்போது காற்று நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நான் இன்னும் அலுவலகத்தில் இருந்தேன். மாத அறிக்கையை மூன்றாவது தடவையாகச் சுற்றறிக்கை திருப்பி அனுப்பியிருந்தார், காற்புள்ளி சரியில்லை என்று. காற்புள்ளி! பதினேழு வருஷம் எழுதுகிறவனுக்கு. பசி வேறு. அந்த நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, தாள்ல வியாழன் வரைன்னு போட்டிருக்கே. அத்தான் கேக்கச் சொல்றார். வியாழனும் சேத்தா, இல்ல வியாழன் வந்துட்டா போலாமா?"

"வரைன்னா வரைதான். தமிழ்லதானேக்கா எழுதியிருக்கேன்?"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். பின்னால் அத்தான், தொந்தரவு பண்ணாத, வேலையா இருப்பான், என்று சொல்வது கேட்டது. நான் வைத்துவிட்டேன்.

இதைப் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். என் மனசில் வியாழனும் சேர்த்துத்தான் இருந்தது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. என் முன்னால் திரையில் வியாழன் முற்பகலுக்கு நேராகக் கோடு மேலே ஏறி நின்றுகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். நாளைக்கும் போக வேண்டாம் என்று சொல்ல எத்தனை வினாடி ஆகும்? நேரத்தை வினாடிக் கணக்கில் எழுதுகிறவன் நான், எனக்குத் தெரியும். ஒரு வினாடி.

ஒன்று முதல் பத்து வரை எண்ணு என்றால் எந்தக் குழந்தையும் பத்தைச் சேர்த்துத்தான் எண்ணும். அப்பா வரும்வரை உட்கார்ந்திரு என்றால், அப்பா வந்ததும் எழுந்து ஓடிவிடும். இரண்டும் அதே 'வரை'தான். இந்த விஷயம் எனக்கு வியாழக்கிழமைக்கு முன்னால் தோன்றவில்லை. 'முடிய' என்று கிழட்டுத் தமிழில் எழுதி வைத்தவர்கள் அதை யோசித்துத்தான் எழுதினார்கள் போலிருக்கிறது. வியாழன் முடிந்தால்தான் முடியும், அதில் யாருக்கும் இரண்டாவது அர்த்தம் வராது.

வியாழக்கிழமை நாலரைக்குக் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருந்ததாம். மற்ற படகுக்காரர்களும் அதே தாளைப் படித்தவர்கள்தான், அவர்களுக்கும் அதே சந்தேகம்தான். எட்டு மணி அறிக்கை வரட்டும் என்று வீட்டிலேயே படுத்துவிட்டார்கள். அத்தானுக்குப் பொறுத்திருக்க வேண்டிய தேவை இல்லை. அவருக்குத்தான் மச்சினன் இருக்கிறானே. நான் சொன்ன 'வரைதான்' என்பதை, வியாழன் வந்துவிட்டால் போகலாம் என்று எடுத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்குக் காற்று வந்தது. கருவியில் முள் ஏறுவதைப் பார்த்தேன். சொன்ன நாளில், சொன்ன வேளையில், சொன்ன வேகத்துக்குச் சரியாக வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பார்த்தீங்களா, அச்சு மாதிரி வந்திருக்கு, என்று. அவர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

பன்னிரண்டேகாலுக்கு அக்கா அலுவலகத்துக்கே வந்தாள். பெட்டி கட்டுகிற இடத்து ரப்பர் ஏப்ரனோடு, கையில் உறையோடு. கதவுக்குள் வரவில்லை. காற்று இப்போ எவ்வளவு என்று கேட்டாள். நான் எண்ணைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எதற்குக் கேட்கிறாள் என்று புரிந்தது. அவள் படியிறங்கிப் போனாள். படகு அன்று சாயங்காலம் கவிழ்ந்து கிடைத்தது. அத்தான் சனிக்கிழமை கிடைத்தார்.

அதற்குப் பிறகு எனக்குள் எல்லாம் நின்றுபோனது. அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், டீ கொடுத்தேன், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டேன், அவர் துணிகளை மடித்து வைத்தேன். தலைக்கு அடியில் கையை வைத்துத் தூங்கி எழுந்தால் கை இருக்கும், ஆனால் நம் கை இல்லாத மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு மொத்தமும் அப்படித்தான் இருந்தது. யாரோ என் தோளைப் பிடித்து, கூடப் பிறந்தவளுக்கு நீதான் இனிமே எல்லாம் என்றார்கள். சரி என்றேன்.

அக்காவும் நானும் அந்த போனைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வார்த்தைகூட.

அக்காவுக்கு ஒரே மகள். வேறு ஊரில் வேலை, செய்தி கேட்டு வந்திருந்தாள். அத்தானுக்கு அவள் மேல் உயிர். கிளம்புகிற அன்று காலையில் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சுவரில் அந்த வாரத்துத் தாள் இன்னும் ஆணியிலேயே இருந்தது. அவள் அதைப் படித்தாள். பிறகு திரும்பி, "எழுதித்தானே போட்டிருந்தாங்க? அப்புறம் ஏன் போனார்?" என்று கேட்டாள். கேட்ட குரலில் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். எங்களைவிட அந்த நாலு நண்டுதான் பெருசா போச்சா அவருக்கு என்றும் கேட்டாள். அக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ சுத்தமாகியிருந்தது. நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் அந்தக் கோபத்தோடுதான் பஸ் ஏறினாள். இது என் கண் முன்னால் நடந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கோபம் நின்றிருக்கும்.

அடுத்த வாரம் விசாரணை. துறைமுகத்திலிருந்து இரண்டு பேர், எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர். மீன் கூடத்து மாடியில் ஒரு கூட்ட அறை, நீளமான மேசை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு சூடேற்றி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சுற்றறிக்கை முன்வரிசையில் இருந்தார். நான் சுவரோரமாக ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் என்னைத்தான் கேட்டார்கள். அறிக்கையில் வியாழக்கிழமை அடங்குமா? அடங்கும் என்றேன். காற்று அதன்படியே வந்ததா? வந்தது என்றேன். இரண்டும் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்று சொல்வார்களே, உண்மையையே சோறாகப் போட்டும் மறைக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினார், என்ன சாப்பிட்டார், படகில் என்ன இருந்தது என்றெல்லாம் கேட்டுவிட்டு, தலைமை அலுவலகத்துக்காரர் கடைசியாக ஒன்று கேட்டார்.

"அறிக்கையில சந்தேகம்னு அவரோ நீங்களோ யார்கிட்டயாவது விளக்கம் கேட்டீங்களாம்மா?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதிக நேரமில்லை.

"இல்ல. யாரையும் கேக்கல."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் சொல்வதில் அர்த்தமே இல்லை. அக்கா என்னைக் காப்பாற்றிவிட்டாள், கூடப் பிறந்த பாசம் என்பது இதுதான், என்று நினைத்தேன். ஃபைலை மூடி ரப்பர் பட்டையைப் போட்டேன்.

கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். காற்றில் இலைகள் சாக்கடையோரமாக ஓடிக்கொண்டிருந்தன. நான் ஏதாவது நன்றியாகச் சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"உனக்காகத்தான் இல்லன்னு சொன்னேன். ஆனா நீ எந்திரிப்பேன்னு பாத்தேன்."

பஸ் வந்தது. அவள் ஏறி முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றேன். அவமானமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். அப்போது அதுகூட வரவில்லை. அடுத்த நிறுத்தம் எது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவை நாலு நாளில் ஒட்டிவிட்டார்கள், மீன் கூடத்துச் சுவரில், வார அறிக்கைத் தாளுக்குப் பக்கத்திலேயே. 'எச்சரிக்கையை மீறிக் கடலுக்குச் சென்றதால் நேர்ந்தது.' ஒரே வரி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேராசைக்காரர் என்றார்கள். மச்சினன் எழுதியதையே மதிக்காதவர் என்றார்கள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷனைத் துணிச்சல்காரர் என்று ஒருத்தர் பாராட்டக்கூடச் செய்தார். அக்கா தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். மகள் போன் செய்வது குறைந்தது. ஒரு நாள் அக்கா தன் போனை எடுத்து மகள் அனுப்பியிருந்த செய்தியை எனக்குக் காட்டினாள். 'அப்பா மேல இருக்கிற கோபம் போகவே மாட்டேங்குதும்மா' என்று இருந்தது. காட்டிவிட்டு, போனை வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அதைவிட அவள் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, இலையுதிர்காலத்துக்கே அதுதான் கடைசி வாரம். காலையில் மேசையில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. வார அறிக்கைகளில் இனி 'வரை' என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும், முன்பிருந்த 'முடிய' என்பதையே பயன்படுத்த வேண்டும். காரணம் எழுதவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. சொல்லைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டார்கள், மனுஷனைச் சுவரிலேயே விட்டுவிட்டார்கள். அத்தனை நாளில் முதல் தடவையாக எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால், சுற்றறிக்கை மேல் பாதிகூட இல்லை, மிச்சமெல்லாம் என் மேல்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லையே. என் வாயால் கெட்டது இன்னொருத்தர்.

எங்கள் வேலையில் 'திருத்தம்' என்று ஒன்று உண்டு. முந்தைய அறிக்கையில் பிழை இருந்தால், அடுத்த அறிக்கையின் தொடக்கத்தில் அதைப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, எழுதியவனே செய்யலாம். காற்றின் திசையைத் தவறாகச் சொன்னதற்கு நானே நாலைந்து தடவை படித்திருக்கிறேன். எத்தனை வாரத்துக்குள் படிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. தேடிப் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை.

தொண்ணூறு வினாடிதான். ஈரப்பதத்தையும் பனிமூட்டத்தையும் வெட்டி முப்பது வினாடி ஒதுக்கினேன். நாலு தடவை அடித்து எழுதினேன். அக்காவை அதில் இழுக்கவில்லை. கேட்டது அத்தான்தான், அவள் வாய் மட்டும்தான் கொடுத்தாள், போனில் அவளுக்குப் பின்னால் அவர் குரலும் கேட்டது. துடைப்ப அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, வழக்கமான குரலில் படித்தேன்.

"திருத்தம். இம்மாத முதல் வார அறிக்கையில், வியாழன் வரை சிறு படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று இருந்தது. வியாழனும் சேர்த்தா என்பது அதில் தெளிவாக இல்லை. அதை எழுதியவன் நான். நண்டுப் படகுக்காரர் ஒருவர் புதன்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு என்னிடம் தொலைபேசியில் அதையே கேட்டார். நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அவர் எச்சரிக்கையை மீறிப் போகவில்லை. கேட்டுவிட்டுத்தான் போனார். இனி இந்த வார அறிக்கை."

அதன் பிறகு காற்று, அலை, வெப்பம் எல்லாவற்றையும் படித்தேன். சாதுவான வாரம். சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு மணிக்கு அது துறைமுகத்தில் ஓடியது. ஒன்று இருபதுக்குச் சுற்றறிக்கை தன் அறையிலிருந்து நடந்தே வந்தார், காகிதம் இல்லாமல். இப்போது இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கேட்டார். விசாரணை முடிந்துபோன விஷயம் என்றார். ஐந்து மணிக்குள் திருத்தத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்றார். புதிதாகப் பதிவு செய்யத் தெரிந்தவன் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்தன்தான், அது அவருக்கும் தெரியும். சரி என்றேன். அவர் போனதும் என் போனை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு மீன் கூடத்துக்கு நடந்தேன்.

பெட்டி கட்டுகிற இடத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. பெட்டிகளுக்குப் பட்டை இழுக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றால் பேசுவது நமக்கே கேட்காது. அக்கா வரிசையின் கடைசியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்துப் பெண்ணிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு, சுவரோரம் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளிடம் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மன்னிச்சுக்கோ என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது, அதை எந்த முகத்தோடு சொல்வது?

"மிஷின் ஓடிட்டிருந்துச்சு," என்றாள். "அவர் கேட்டார்னு ஏதோ சொன்னே. பாதிதான் காதுல விழுந்துச்சு. மறுபடி எப்ப ஓடும்?"

"ஆறு மணிக்கு."

அவள் தலையாட்டினாள். ஒரு கை உறையை மட்டும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போய், மிஷினைக் காட்டி, ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். அவர் முதலில் முடியாது என்று கையை விரித்தார். அக்கா நகரவில்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சரி என்று தலையசைத்தார். அக்கா திரும்பி வந்து ஒரு காலிப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் உட்கார்ந்தேன். மணி இரண்டுகூட ஆகவில்லை. ஐந்து மணிக்கு நான் இருக்க வேண்டிய இடம் வேறு என்று அவளிடம் சொல்லவில்லை.

அக்கா ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் எடுக்க நேரமானது.

"சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவேன், எடுத்துடு," என்றாள். "நான் எதுவும் பேசமாட்டேன். நீ கேட்டா போதும்."